குடும்பத்தோடு குரூஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஊட்டியா கொடைக்கானலா என்று அலசிக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது குரூஸ் பேச்சும் அடிபடுகிறது. சிங்கப்பூர் போகிறவர்கள் கூடவே மூன்று இரவு கப்பலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் பயணிகளை ஏற்றிப் போனது. மறுவருடம் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்று வந்தது.

கப்பலில் என்னென்ன இருக்கிறது என்பதை விளம்பரத் தாள் விரிவாகச் சொல்லும். அதில் நம் வீட்டு ஆறு பேருக்கு எது பயன்படும் என்பதை யாரும் சொல்வதில்லை. இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் நம்பிக்கைகளில் பாதி அந்தத் தாளில் பிறந்தவை, மீதி உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில்.

“பெரிய கப்பலில் நெரிசல் இருக்காது”

கப்பலின் அளவை டன்னில் சொல்வார்கள். ஒன்றரை லட்சம் டன் என்றதும் அத்தனை எடை என்று நினைத்துக்கொள்கிறோம். பயணிகள் கப்பலுக்குச் சொல்லும் ‘கிராஸ் டன்னேஜ்’ எடைக் கணக்கே கிடையாது. சுவரும் கூரையுமாக அடைபட்ட உள்ளிடம் மொத்தம் எவ்வளவு என்ற கொள்ளளவுக் கணக்கு அது. இது நமக்கு வசதிதான். டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும்.

வகுத்துப் பார்க்கலாம். 2024இல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ ஏறத்தாழ 2,48,600 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். தலைக்கு 44. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ‘கெந்திங் ட்ரீம்’ சுமார் 1,50,700 டன், 3,352 பேர். தலைக்கு 45. அமெரிக்கக் கப்பல் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியது. ஆளுக்குக் கிடைக்கும் இடமோ ஒரு மயிரிழை குறைவு. சென்னைக்கு வந்த எம்பிரஸ் 48,500 டன், ஏறத்தாழ 1,600 பேர், தலைக்கு 30. மண்டபம் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டுவிட்டுக் கல்யாணத் தேதி குறிப்பதில்லையே, பந்தியில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்றும் கேட்கிறோம்.

(எம்பிரஸ் டைட்டானிக்கைவிடச் சற்றே பெரியது. பாட்டியிடம் இந்த ஒப்பீட்டைச் சொல்ல வேண்டாம்.)

இந்தக் கணக்கிலும் ஒரு நெளிவு உண்டு. ‘அறைக்கு இருவர்’ என்பது தொழிலின் வழக்கக் கணக்கு. மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பினால் ஐகானில் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது தலைக்கு 33தான். கப்பல் நிறுவனங்கள் நூறு சதவீதத்துக்கு மேல் அறைகள் நிரம்பின என்று அறிக்கை விடுவதன் சூட்சுமம் இதுதான். அந்தக் கூடுதல் படுக்கைகள் நிரம்புவது எப்போது? பள்ளி விடுமுறையில். நாம் போகிற அதே வாரத்தில். சிங்கப்பூர்க் கப்பலாக இருந்தால் நம்மூர் நாட்காட்டி மட்டும் போதாது, அந்த ஊர்ப் பள்ளி விடுமுறையையும் பாருங்கள். இரண்டும் மோதாத வாரம் கிடைத்தால் அதுவே பாதி வெற்றி.

இன்னொன்று: சில கப்பல்களில் உயர்ந்த விலை அறைக்காரர்களுக்கென்று தனி நீச்சல் குளம், தனி உணவகம் எல்லாம் வேலி கட்டி ஒதுக்கியிருப்பார்கள். கெந்திங் ட்ரீமில் ‘பேலஸ்’ என்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அந்த இடமும் மொத்த டன்னேஜில்தான் சேர்கிறது. சாதாரண அறைக்காரர் அதைக் கழித்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

“புதுக் கப்பல், ஐந்து நட்சத்திரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்”

உலகக் கப்பல்களுக்கு நட்சத்திரம் வழங்கும் அதிகாரபூர்வ அமைப்பு எதுவும் இல்லை. வழிகாட்டி நூல் எழுதுகிறவர்களும் முகவர்களும் தங்கள் கணக்கில் போடுவதுதான். வயதுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. எம்பிரஸ் 1990இல் பிரான்சின் செயின்ட் நசேரில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிறந்த கப்பல். அக்காலத்தில் அறைக்கு அறை பால்கனி வைக்கும் பழக்கம் இல்லை. அதனால் அதில் பால்கனி அறைகள் சொற்பம். பழசு என்பதால் கப்பல் மோசமாகிவிடாது. ஆனால் எந்த ஆண்டில் கட்டியது, கடைசியாக எப்போது உலர்துறையில் ஏற்றிப் புதுப்பித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வாங்கிவிட வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் சில நேரம் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே இருப்பதைவிட அதிகம். நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், கப்பலின் பெயரைப் பாருங்கள்.

“மேல் தளத்தில் பால்கனி அறை எடுத்தால் தலைசுற்றாது”

நேர்மாறு. கப்பல் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆடும். அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு ஆட்டம். ஆகவே உயரத்திலும் முனையிலும் இருக்கும் அறைகள் அதிகம் ஆடும். நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருப்பவை குறைவாக ஆடும். விலையும் பெரும்பாலும் அங்கேதான் குறைவு. வாந்திக்குப் பயந்தவர் அதிகப் பணம் கொடுத்து அதிகம் ஆடும் அறையை வாங்குவது இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது. பால்கனியால் ஒரு நன்மை உண்மையே: தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் தணியும். அதற்குத் திறந்த தளத்துக்கு நடந்தாலும் போதும்.

நவீனக் கப்பல்களின் அடிப்பகுதியில் இருபுறமும் துடுப்பு போன்ற சமநிலைத் தகடுகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாக அடக்கும். முன்பின் ஆட்டத்தில் அவற்றின் பலன் குறைவு. வழியும் முக்கியம். சுமத்ரா மறைப்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அரபிக்கடல் அப்படி இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல் குமட்டல் அரிது. அதற்குமேல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களே அதிகம் பாதிக்கப்படுவார்கள். மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கியபின் பலன் குறைவு. குழந்தைகளுக்கும், ஏற்கெனவே மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் தளப் படத்தைக் கேட்டு வாங்கி மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். இசை அரங்கத்துக்கு மேலே என்றால் நள்ளிரவு வரை டிரம்ஸ். தாத்தா பாட்டி கூட வந்தால் லிஃப்ட்டுக்கு எத்தனை கதவு தள்ளி அறை என்று எண்ணுங்கள். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமான கப்பலில், ஒரு கோடியில் அறையும் மறுகோடியில் சாப்பாடும் என்றால் மூட்டுவலிக்காரருக்கு அது தினம் மூன்று வேளைத் தண்டனை. என்னைக் கேட்டால், குடும்பப் பயணத்தில் தண்ணீர்ச் சறுக்கைவிட இந்த ஒரு விஷயத்துக்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

“மூன்று நாளில் மூன்று ஊர் பார்த்துவிடலாம்”

பயணத் திட்டத்தில் ‘கோலாலம்பூர்’ என்று இருக்கும். கோலாலம்பூரில் கடல் இல்லை. கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். உலகெங்கும் இதே கதைதான். ‘ரோம்’ என்றால் சிவிட்டாவெக்கியா, ‘பாரிஸ்’ என்றால் லெ ஆவ்ர், ‘பாங்காக்’ என்றால் லேம் சபாங். ‘பெர்லின்’ என்று போட்டு வார்னமுண்டேயில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பெர்லின் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கிறது என்று வையுங்கள். ஒன்பது மணி நேரம் போலத் தெரியும். இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது திரும்பிவிட வேண்டும். போகவர மூன்று மணி நேரச் சாலை. மிச்சம் நான்கு மணி நேரத்தில் பத்துமலை முருகனின் 272 படிகள், இரட்டைக் கோபுரம், மதியச் சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். ஒன்றை விட்டுவிடுவது நல்லது. முதியவர்கள் இருந்தால் எதை விடுவது என்று வீட்டிலேயே சண்டை போட்டு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பினாங்கு வேறு மாதிரி. கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறைமேடையிலேயே நிற்கும். நடக்கிற தூரத்தில் லிட்டில் இந்தியா, 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், இட்லி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு நான் பினாங்கு போகும் கப்பலைத்தான் சொல்வேன், அது சிறிய கப்பலாக இருந்தாலும்.

கரையோடு ஒட்டி நிற்காத இடங்களும் உண்டு. புக்கெட்டில் படோங் கடற்கரைக்கு எதிரே, லட்சத்தீவின் அகத்தியில், கப்பல் நடுக்கடலில் நிற்கச் சிறு படகில் மாறிப் போக வேண்டும். அலை அடித்தால் ஊரே ரத்தாகும். சக்கர நாற்காலிக்காரர்களைப் பல நேரம் அந்தப் படகில் ஏற்றுவதில்லை. ‘துறைமேடையா, படகா?’ என்ற கேள்வியை முகவரிடம் கேட்டால் அவர் ஒரு கணம் விழிப்பார், விடாதீர்கள்.

தாமதமாகத் திரும்பினால் கப்பல் காத்திருக்குமா? கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்களுக்குக் காத்திருக்கும். சொந்தமாக டாக்ஸி பிடித்துப் போனவர் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் பறந்து போய்ச் சேர வேண்டும்.

“கைக்குழந்தையை அங்கே பார்த்துக்கொள்வார்கள்”

பெரும்பாலான நிறுவனங்களில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அனுமதி இல்லை; பல நாள் தொடர்ந்து கடலிலேயே இருக்கும் பயணங்களுக்கு ஒரு வயது நிரம்ப வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 24ஆம் வாரத்துக்குள் நுழையக் கூடாது என்ற வரம்பு பொதுவானது. பயணம் முடியும் நாளை வைத்து அதைக் கணக்கிடுவார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலவசக் குழந்தைகள் மையம் என்பது வழக்கமாக மூன்று வயதிலிருந்து, அதுவும் டயபர் விட்ட பிள்ளைகளுக்கு. பொது நீச்சல் குளத்திலும் டயபர் குழந்தையை இறக்கவிட மாட்டார்கள். இரண்டு வயதுப் பேரனுக்காகச் சறுக்கு நிறைந்த கப்பலை எடுத்தவர், அவனை ஓரத்தில் உட்கார வைத்து வேடிக்கை காட்டும்படி ஆகிறது.

வயிற்றுப்போக்குப் பயம் நியாயமானது. கப்பலில் அதிகம் பரவும் நோரோ வைரஸ், கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்கு அவ்வளவாக மசியாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் திடீர்ச் சோதனை செய்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தேறவில்லை. அமெரிக்கா பக்கம் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டே கப்பலை முடிவு செய்யலாம். ஆசியாவிலேயே ஓடும் கப்பல்கள் அந்தப் பட்டியலில் வராது.

“டிக்கெட்டில் எல்லாம் அடக்கம்; கடைசி நேரத்தில் இன்னும் மலிவு”

அறை, முக்கிய உணவகங்களின் சாப்பாடு, நிகழ்ச்சிகள், குளம் வரை அடக்கம். துறைமுகக் கட்டணம், வைஃபை, குளிர்பானம், சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா பெரும்பாலும் தனி. டிப்ஸ் நம் இஷ்டம் என்று நினைக்கிறோம். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாக ஏறிவிடும், பெரும்பாலும் குழந்தைக்கும் சேர்த்து. இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது டிக்கெட் விலையை டிக்கெட் விலையோடு வைக்காமல், கடைசியில் கையெழுத்துப் போடும் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். சைவ, ஜைன உணவுக்கு முன்பதிவின்போதே சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடைசி நேரத் தள்ளுபடி இருவராகப் போகிறவர்களுக்கு அடிக்கலாம். குடும்பத்துக்கு அது ஆபத்தான சூதாட்டம். நான்கு படுக்கை அறைகள் எண்ணிக்கையில் குறைவு. முதலில் விற்றுப்போவதும் அவையே. அறை காலியாக இருந்தாலும் சில நேரம் நான்கு பேருக்குத் தர மாட்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஆபத்தில் கூட வேண்டிய இடமும் உயிர்காப்புப் படகும் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் படகின் கணக்கு நிரம்பிவிட்டால் கூடுதல் படுக்கையை விற்கக் கூடாது. விதி கெடுபிடியாக இருப்பது நல்லதற்கே. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்யோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறியபின் 24 மணி நேரத்துக்குள் நடத்தலாம் என்றிருந்த பயிற்சியை, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். குழந்தைகளைக் குளத்திலிருந்து இழுத்துக்கொண்டாவது அதற்குப் போங்கள்.

“கப்பலிலேயே திரும்பி வருகிறோம், ஒரு முறை விசா போதும்”

சிங்கப்பூரில் கப்பல் ஏறினால் நாட்டைவிட்டு வெளியேறியதாகப் பதிவாகும். திரும்பும்போது அது புது நுழைவு. பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனுக்கும் இதே கதிதான். கரை மறைந்ததும் கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் நெட்வொர்க் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது எந்த நாட்டு ரோமிங் பேக்கிலும் வழக்கமாக அடங்காது. ஏறியவுடன் எல்லார் போனையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பும் பெரியவர்களின் போன் உட்பட.