வானத்திலிருந்து வான் தீவு



எங்க வீட்டு ஷோகேஸ்ல வெள்ளையா, ஓட்டை ஓட்டையா ஒரு கல் இருக்கு. தாத்தா அந்தக் காலத்துல ராமேஸ்வரம் போனப்போ கடையில வாங்கினது. வெறும் கல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பவள உயிரிகள் கட்டிய கூடு! இந்த மாதிரி பாறையை வண்டி வண்டியா வெட்டி எடுத்ததால், தூத்துக்குடிக்கு எதிரே ஒரு தீவே தேய்ந்துபோனது. அதன் பெயர் வான் தீவு.

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள் உண்டு. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 21 என்பது புத்தகக் கணக்குதான். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியது ஒரு முக்கியக் காரணம். அலையின் அடியை முதலில் வாங்குவது அந்தப் பாறைதான். அது போனால் தீவின் மணலை அலை அள்ளிக்கொண்டு போகும். கடினப் பவளங்களை எடுக்க 2001-ல் வனவிலங்குச் சட்டப்படி தடை வந்தது. (தாத்தா வாங்கியது அதற்கு ரொம்ப முன்னாடி. ஆனாலும் கேட்டப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.)

சரி, தீவு தேயுதுன்னு எப்படித் தெரியும்? கிராஃப் நோட்டை எடுங்க. செயற்கைக்கோள் படமும் அதே மாதிரி கட்டம் கட்டமாத்தான் இருக்கும். தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிவிடும், அதனால் அந்தப் படத்தில் கடல் கறுப்பா தெரியும். மணல் பளிச்சென்று இருக்கும். பளிச்சென்ற கட்டங்களை எண்ணினால் தீவின் பரப்பு கிடைத்துவிடும்.

வான் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேர். 2015-ல் 2 ஹெக்டேருக்கும் குறைவு! முதல் லேண்ட்சாட் பறந்ததே 1972-ல்தான். அதற்கு முந்தைய அளவுக்குப் பழைய நில அளவை வரைபடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். இப்போதைய லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். 2 ஹெக்டேர் என்றால் 20,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்க, முழுத் தீவும் 22 கட்டம்தான்! கரையோரக் கட்டத்தில் பாதி மணல், பாதி கடல் இருந்தால் எதில் சேர்ப்பது? 10 மீட்டர் கட்டம் உள்ள சென்டினல்-2 படத்தில் அதே தீவு 200 கட்டம். அப்புறம் ஓதம் வேறு. நீர் ஏறியபோது எடுத்த படத்தையும் வற்றியபோது எடுத்த படத்தையும் அப்படியே ஒப்பிட்டால் தீவு தேயாமலே தேய்ந்த மாதிரி இருக்கும்.

செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் சூட்டையும் அளக்கிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் இருக்கும் பாசியை இழந்து வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி ஆனது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது.

சுற்றுலாவுக்கு இது ரொம்ப முக்கியம். பவளம் காய்ச்சலில் கிடக்கும்போது படகு நங்கூரமும் நம்ம காலும் பட்டால் எப்படித் தேறும்? 2016-ல் தாய்லாந்தில் வெளுத்துப்போன பல முக்குளிப்பு இடங்களை மூடியே விட்டார்கள். நம்ம பக்கமும் கண்ணாடிப் படகு எந்த வாரம் ஓடலாம், எங்கே நங்கூரம் போடக்கூடாது என்பதைச் சூட்டுப் படத்தையும் பாறை வரைபடத்தையும் வைத்து முடிவு செய்யலாம் என்பது என் கருத்து. டிக்கெட் விற்ற கணக்கைப் பார்த்து இல்லை!

வான் தீவு என்ன ஆச்சு? 2015 கடைசியிலிருந்து தீவுக்கு முன்னால் ஓட்டை வைத்த கான்கிரீட் கூடுகளைக் கடலில் இறக்கினார்கள். இந்த வேலையில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், அடையாறு பக்கம் மான் திரியுதே, அந்த ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. அலையின் வேகம் குறைந்து மணல் தங்கியது. தீவு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. கூடுகளில் மீன்களும் குடிவந்துவிட்டன.

உங்களுக்கு ஒரு கணக்கு: பக்கத்துத் தீவான காரியாச்சல்லி 1969-ல் சுமார் 21 ஹெக்டேர், 2024-ல் சுமார் 3 ஹெக்டேர். 10 மீட்டர் கட்டத்தில் எத்தனை கட்டம் காணாமல் போயிருக்கும்? விடையை எழுதி எங்க வகுப்பில் கொடுங்க.

— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு