சோலார் வயரும் பியூஸும்: பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு ஒரு துணைப்பாடம்

தமிழக அரசு 2011-12இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுடன் ஐந்து சோலார் விளக்குகளும் வழங்கப்பட்டன. அன்று முதல் கிராமத்து மாணவர்களுக்குச் சோலார் பழகிய பொருள். பேட்டரி மாற்றும்போதும் கூடுதலாக விசிறி மாட்டும்போதும் வயர் வேலையை வீட்டாரே பார்த்துக்கொள்வதுண்டு. "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்பார்கள். ஷாக் அடிக்காமல் இருக்கலாம், ஆனால் தீப்பிடிக்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பொறி எங்கே பிறக்கிறது என்பதைக் கற்பிக்கலாம்.

கற்றல் நோக்கம்

ஓம் விதி, ஜூல் வெப்ப விதி ஆகியவற்றைக் கொண்டு வயரின் பருமனையும் பியூஸின் அளவையும் தேர்ந்தெடுத்தல்.

கணக்கிடுவோம்

28 வாட் விசிறி 3, 9 வாட் விளக்கு 4. மொத்தம் 120 வாட். 230 வோல்ட்டில் இதற்கு அரை ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடுகிறது. வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் உள்ளது.

பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தூரம் என்றால், போக வர 20 மீட்டர் வயர். 1 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். மாணவர்கள் கண்டறிய வேண்டியவை:

1 சதுர மி.மீ. – இழப்பு 3.4 வோல்ட், வெப்பம் 34 வாட்
2.5 சதுர மி.மீ. – 1.4 வோல்ட், 14 வாட்
4 சதுர மி.மீ. – 0.85 வோல்ட், 8.5 வாட்
6 சதுர மி.மீ. – 0.57 வோல்ட், 5.7 வாட்

இழப்பு 5 விழுக்காட்டுக்குள், அதாவது 0.6 வோல்ட்டுக்குள் இருக்க 6 சதுர மி.மீ. வயரே ஏற்றது.

பியூஸ் யாருக்குக் காவல்?

"விளக்குக்கு" என்பார்கள் மாணவர்கள். உண்மையில் அது வயருக்குக் காவல். பியூஸின் அளவு, சாதனங்கள் எடுக்கும் மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகவும் வயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 10 ஆம்பியரின் 1.25 மடங்கு 12.5, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 15 ஆம்பியர். அதைப் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தரவல்லது. பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

வீட்டு ஏசி எம்.சி.பி.யை இங்கே மாட்டக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தொடர்புமுனையில் எழும் தீப்பொறி அணைந்துவிடும். நேர்திசை மின்னோட்டத்தில் அந்த இடைவெளி இல்லை. எனவே டிசி எனக் குறிக்கப்பட்ட எம்.சி.பி.யே வேண்டும்.

பியூஸ் அறியாத ஆபத்தும் ஒன்றுண்டு: தளர்ந்த இணைப்பு. முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் 0.25 ஓம் மின்தடை இருந்தால், 10 ஆம்பியரில் 25 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் குவியும். ரேடியோ மெக்கானிக்கின் பற்றவைப்புக் கோலின் வெப்பம் அது. மின்னோட்டம் கூடாததால் பியூஸ் உருகாது. ஆகவே வயர் நுனியில் லக் பொருத்தி, திருகை இறுக்க வேண்டும்.

செயல்பாடு (ஆசிரியர் மட்டும் செய்து காட்டுவது)

பீங்கான் தட்டின் மேல், இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களுக்கு இடையே மெல்லிய இரும்பு நார் இழையை இணைக்கவும். இழை சிவந்து அறுபடும். பியூஸின் வேலை கண்ணுக்குத் தெரியும். அருகில் காகிதம் கூடாது. இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகக் கூறவும். பட்டாசோ மருந்தோ இருக்கும் இடத்தில் இந்தச் சிறு பொறியே போதும்.

வீட்டுப் பணி

எதையும் தொடாமல், பெரியவர் துணையுடன் பார்த்து எழுதுக: பேட்டரி காற்றோட்டமான இடத்தில் உள்ளதா? பியூஸ் எங்கே இருக்கிறது? வயர் இணைப்பில் கருகிய நிறம் தெரிகிறதா?

மதிப்பீடு

1. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றினால் அடுத்து உருகுவது எது?

2. பேட்டரியைக் கழற்றிய பின்னும் பகலில் சோலார் பலகையின் வயரைத் தொடக் கூடாது. ஏன்?