ஒரு வருஷ லாபத்தை நம்பலாமா?

முதல் சம்பளத்தில் பங்கு வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க. வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஷிஃப்ட் போறவங்களுக்குத் தெரியும்: லாரி விற்பனை ஒரு வருஷம் ஓஹோ, அடுத்த வருஷம் படுத்துடும். அசோக் லேலண்டின் நிகர லாபம் 2018-19-ல் சுமார் 1,983 கோடி ரூபாய். 2019-20-ல் சுமார் 240 கோடி. 2020-21-ல் சுமார் 314 கோடி நஷ்டம்.

லாபம் ஆடுற அளவுக்கு பங்கு விலை ஆடாது. அதனால் பி.இ. விகிதம் (பங்கு விலை ÷ ஒரு பங்குக்கான லாபம்) நல்ல வருஷத்தில் பங்கை மலிவா காட்டும், மோசமான வருஷத்தில் கிராக்கியா காட்டும். நஷ்டம் வந்தா கணக்கே அர்த்தமில்லை.

ராபர்ட் ஷில்லர் பிரபலமாக்கிய வழி இது:

1. ஒரு பங்குக்கான 10 வருஷ லாபத்தை எடுங்க. நஷ்ட வருஷத்தை விட்டுடாதீங்க. போனஸ் பங்கு கொடுத்திருந்தா சரிசெய்யுங்க.
2. எல்லாத்தையும் இன்றைய ரூபாய்க்கு மாத்துங்க. விலைவாசிக் குறியீடு அப்போ 100, இப்போ 160 என்றால், அன்றைய 5 ரூபாய் இன்றைக்கு 8 ரூபாய்.
3. சராசரி போட்டு, பங்கு விலையை அதால் வகுங்க.

வர்ற எண்ணை அதே கம்பெனியின் பழைய எண்களோட ஒப்பிடுங்க. ஆனா கம்பெனி டீசலிலிருந்து மின்சார வண்டிக்கு மாறும்போது, பழைய சராசரி முழுக் கதையையும் சொல்லாது. அடுத்த மாசம் விலை ஏறுமா என்பதையும் சொல்லாது.