பரிசு கிடைத்தும் அழுவது ஏன்?



சென்னை அபிராமபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டில் இரண்டு குழந்தைகள். அக்காளுக்கு வயது பத்து, தம்பிக்கு நான்கு. கிறிஸ்துமஸ் இரவில் அவர்கள் குடும்பத்தோடு சாந்தோம் பேராலயத்திற்கு நள்ளிரவுப் பூசைக்குச் சென்று வருவார்கள். விடிந்ததும் அச்சுமுறுக்கும் கேக்கும் நிறைந்த தட்டு எங்கள் வீட்டிற்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தட்டோடு ஒரு கேள்வியும் வந்தது.

"அங்கிள், நேற்றுத் தம்பியிடம் கார் இல்லை. அவன் அழவில்லை. இன்று அப்பா புதுப் பொம்மைக் கார் கொடுத்திருக்கிறார். தரையில் புரண்டு அழுகிறான். இது என்ன கணக்கு?"

நல்ல கேள்வி அல்லவா? விடை காணுமுன் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்ப்போம்.

மூன்று கிண்ணங்கள்

மூன்று அகன்ற கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். முதல் கிண்ணத்தில் கை பொறுக்கும் அளவு வெந்நீர் ஊற்றுங்கள். (வீட்டுப் பெரியவர் ஒருவர் முதலில் தொட்டுப் பார்க்கட்டும்.) மூன்றாவதில் பனிக்கட்டி இட்ட நீர். நடுக் கிண்ணத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். இடக்கையை வெந்நீரிலும் வலக்கையைக் குளிர்ந்த நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு இரு கைகளையும் ஒரே சமயத்தில் நடுக் கிண்ணத்தில் இடுங்கள்.

இடக்கைக்கு அந்த நீர் குளிரும், வலக்கைக்குச் சுடும்! நீர் ஒன்றுதான், வெப்பநிலையும் ஒன்றுதான். இந்த விந்தையை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டியுள்ளார். நமது தோல் வெப்பமானி அன்று. முன்பிருந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டையே அது பெரிதும் உணர்கிறது.

மனமும் ஏறக்குறைய இப்படித்தான். தம்பி எதிர்பார்த்தது பாண்டி பஜார் கடையில் பார்த்த, தண்டவாளத்தில் சுற்றிவரும் ரயில். ரயிலுக்கு 10 மதிப்பெண், காருக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால், 4 - 10 = -6. நேற்றுப் பரிசு பெறும் நேரம் வரவில்லை. ஆகவே கழித்துப் பார்க்கவும் எதுவுமில்லை. சிறுமி கேட்ட கணக்கு, கழித்தல் கணக்கு!

மூளையில் நடப்பது என்ன?

இது வெறும் உவமை அன்று. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற அறிவியலறிஞர் குரங்குகளின் நடுமூளையில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்ததும் அவை விரைவாகத் துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியபின், அடையாளத்தைக் கண்டபோதே துடித்தன. சாறு வந்தபோது அந்தத் துடிப்பு இல்லை. அடையாளம் காட்டிச் சாற்றைக் கொடுக்காதபோதோ, அது வந்திருக்கவேண்டிய அதே நேரத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஷுல்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இதை 1997-இல் விளக்கி எழுதினர். குழந்தையின் அழுகை முழுவதையும் இது விளக்கிவிடாது. ஆனாலும் மூளை இத்தகைய கழித்தலைச் செய்கிறது என்பது தெளிவு.

நட்சத்திர விளக்கு, வண்ணக் காகிதம், பெரிய பெட்டி ஆகியவை எல்லாம் அடையாளங்களே. இதை நான் சொன்னதும் சிறுமி தலை குனிந்தாள். "பெட்டி பெரிசுடா, ரயில்தான்!" என்று ஒரு வாரமாகத் தம்பியின் காதில் ஓதி வந்தவள் அவள்தான். 10 என்ற எண்ணில் அவளுக்கும் பங்கு உண்டு.

மறைக்கும் பழக்கம்

"உனக்கு என்ன பரிசு?" என்று கேட்டேன்.

"அகராதி."

"நீ ஆசைப்பட்டது?"

"ஷட்டில் மட்டை."

"நீ அழவில்லையே?"

"அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கிள்."

அமெரிக்க உளவியலறிஞர் கரோலின் சார்னி 1984-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பள்ளிச் சிறுவர்களுக்குக் கைக்குழந்தைக்குரிய பொம்மையைப் பரிசாகக் கொடுத்து அவர்கள் முகத்தைக் கவனித்தார். சிறியவர்கள், குறிப்பாகப் பையன்கள், ஏமாற்றத்தை வெளிக்காட்டினர். வயது ஏற ஏற மறைக்கும் திறமை கூடியது. பமேலா கோல் என்பவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நான்கு வயதுச் சிறுமிகள்கூடப் பரிசு தந்தவர் எதிரில் இருக்கையில் ஏமாற்றத்தை அடக்கிக்கொண்டனர். தனியே இருக்கையில் அது முகத்தில் தெரிந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அழாதவருக்கு ஏமாற்றமே இல்லை என்று எண்ணலாகாது. அன்று அந்த வீட்டில் எல்லாரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டு சமாதானம் செய்தனர். அக்காளை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

நடுக் கிண்ணத்திலேயே கைகளைச் சற்று நேரம் வைத்திருங்கள். இரண்டும் ஒன்றுபோல் உணரத் தொடங்கும். மனத்திற்கும் அவ்வாறு அவகாசம் வேண்டும். ஆகவே, அழும் தம்பியிடம் உடனே நியாயம் பேசாதீர்கள். "ரயில் வரும் என்று நினைத்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். அழுகை ஓய்ந்தபின் கையில் உள்ள பொம்மையை வைத்து அவனோடு விளையாடுங்கள். அடுத்த ஆண்டு, பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி ஆசை காட்டாதீர்கள்.

அன்று அந்தச் சிறுமி வீட்டிற்குப் போய் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாள். அகராதியை அதன் அடியில் முட்டுக் கொடுத்தாள். கார் சரிவில் உருண்டு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று இருவரும் நூல் பிடித்து அளந்தார்கள். மாலையில் அவள் தந்தை என்னிடம் வந்து, "பெரியவளுக்கு மட்டைமேல் ஆசையா, சார்? எனக்குத் தெரியாமல் போயிற்றே!" என்றார். அவளே சொல்லியிருந்தாள்.

சிந்தனைக்கு: உங்கள் வீட்டில் பரிசு பெற்றுச் சிரித்தவர்களில், உண்மையில் வேறொன்றை விரும்பியவர் யார்? கேட்டுப் பாருங்கள்.