வெள்ள நிவாரணம்: விண்ணப்பமும் மறுப்பும் மருத்துவமனைத் தாள்களும்

மருத்துவமனை இதழில் அரசு நிவாரணத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கொரட்டூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வெள்ளம் வடிந்த பின் எங்களைத் தேடி வரும் குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் மருந்து அன்று, தாள்கள். நனைந்து கூழான சிகிச்சைக் குறிப்புகளுக்கு மாற்று, காலில் பட்ட காயத்துக்குச் சான்று, இறந்த தந்தைக்காக உதவித்தொகை கேட்க எதை எடுத்துச் செல்வது என்ற விளக்கம். அவர்களுள் பலர், நிவாரணம் கேட்டு ஒருமுறை சென்று, ‘உங்கள் பெயர் பட்டியலில் இல்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு திரும்பியவர்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட அந்த ‘இல்லை’ முடிவான விடை ஆகாது. அதை எழுத்தில் பெறும்வரை விண்ணப்பம் உயிரோடுதான் இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எடுத்துக்கொள்வோம். அம்மாதம் 3, 4ஆம் நாள்களில் பெய்த மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் சுற்றியிருந்த குடியிருப்புகளையும் மூழ்கடித்தது. குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாக நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்து, டிசம்பர் 17 முதல் வழங்கத் தொடங்கியது. சென்னை மாவட்டம் முழுவதும், திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி, பூந்தமல்லி உள்ளிட்ட வட்டங்களும் அதில் அடங்கின. அரிசி அட்டைக்காரர்களுக்கு நாளும் நேரமும் குறித்த டோக்கன் தரப்பட்டது. சர்க்கரை அட்டை வைத்திருந்தோர், வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர் ஆகியோர் தாங்களும் பாதிக்கப்பட்டிருந்தால், இழப்பு விவரத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் படிவத்தில் எழுதிக் கடையிலேயே கொடுக்கலாம் என்று வழி விடப்பட்டது. டோக்கன் வராதவுடன் ‘நமக்கில்லை’ என்று இருந்துவிட்டவர்களுக்கு அந்தப் படிவம் இருந்ததே தெரியவில்லை.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்ப அட்டையில் உள்ள முகவரியே அப்போது பட்டியலுக்கு அடிப்படையாயிற்று. விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ அட்டை வைத்துக்கொண்டு திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வாழும் குடும்பம், இடுப்பளவு நீரில் நின்றிருந்தாலும் அப்பட்டியலில் வராது. மழைக்காலத்துக்கு முன்பே முகவரி மாற்றம் செய்துவிடுவது இதற்கான மருந்து. செய்யத் தவறியவர்கள் வாடகை ஒப்பந்தம், எரிவாயு இணைப்பு ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று போன்ற வசிப்பிட ஆதாரங்களோடு வட்டாட்சியருக்கு மனுச் செய்யலாம்.

எந்த வட்டாட்சியர் என்பதிலும் நம் பகுதியில் குழப்பம் உண்டு. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் நீடிக்கின்றன. ஒரே சாலையின் இருபுறத்து வீடுகள் இரு வேறு ஆட்சியர்களின் கீழ் இருக்கலாம். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு இடம் மாறி வருவதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். அரசுப் பட்டியல்களில் பூந்தமல்லி ‘பூவிருந்தவல்லி’ என்றே அச்சாகும். தேடும்போது அதையும் நினைவிற்கொள்க.

காயமும் இறப்பும்

6,000 ரூபாய் ஊரறிந்த செய்தி. பேரிடர் நிவாரண நிதியிலிருந்து காயத்துக்கும் உதவித்தொகை உண்டு என்பதை அறிந்தோர் குறைவு. 2022-26 காலத்துக்கு மத்திய உள்துறை வகுத்த விதிகளின்படி, பேரிடரில் கடுமையாகக் காயமுற்று ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்கியவருக்கு 16,000 ரூபாய். அதற்குக் குறைவாகத் தங்கியவருக்கு 5,400 ரூபாய். கை, கால் அல்லது கண்ணை இழந்து ஊனம் 40 முதல் 60 விழுக்காடாக இருந்தால் 74,000 ரூபாய்; 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரண்டரை இலட்சம். ஊனத்தின் அளவையும் காரணத்தையும் அரசு மருத்துவமனை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்குக் காயத்துக்கான தொகை கிடையாது என்ற குறிப்பும் அவ்விதிகளில் உள்ளது. ஆகவே உங்கள் சிகிச்சைச் செலவு எந்தத் திட்டத்தின் கணக்கில் ஏறியது என்பதை வெளியேறும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்விடத்தில்தான் மருத்துவமனைத் தாள் முக்கியமாகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வலது கணுக்கால் எலும்பு முறிவு’ என்று மட்டும் இருந்தால், அது வெள்ளத்தில் நேர்ந்ததா, வீட்டு மாடிப்படியில் நேர்ந்ததா என்று வருவாய்த்துறை அலுவலருக்கு எப்படித் தெரியும்? ‘04.12.2023 அன்று வெள்ளநீரில் நடக்கையில் திறந்த வடிகாலில் விழுந்ததால்’ என்ற ஒரு வரி சேர்ந்தால் காரணமும் நாளும் அங்கேயே நிற்கின்றன. அவ்வரி சிகிச்சைக்கு வந்த முதல் மணி நேரத்தில் நீங்கள் சொல்வதைப் பொறுத்தே பதிவாகும். வலியின் பதற்றத்தில் ‘விழுந்துவிட்டார்’ என்று மட்டும் சொல்லாமல் எங்கே, எப்போது, எப்படி என்பதையும் உடன் வந்தவர் சொல்லிவிட வேண்டும். மாதங்கள் கழித்து வந்து புதிதாகச் சேர்க்கச் சொன்னால், நேரில் காணாததை மருத்துவர் எழுத இயலாது. அவர் மறுப்பதைக் கடுமை என்று கொள்ள வேண்டாம்.

இறப்பு நேர்ந்த வீட்டில் இதைப் பேசுவது கடினம். ஆயினும் பேசாமல் விட்டால் இழப்பு இரட்டிப்பாகிறது. உயிரிழப்புக்கு மத்திய விதிகள் நான்கு இலட்சம் ரூபாய் வகுத்துள்ளன. மிக்ஜாமுக்குப் பின் தமிழ்நாடு அரசு அதை ஐந்து இலட்சமாக உயர்த்தி அறிவித்தது. நீரில் மூழ்கியோ, மின்சாரம் தாக்கியோ, சுவர் இடிந்தோ நேர்ந்த இறப்பு என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை கேட்கப்படும். ‘உடலை அறுக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள்’ என்று உறவினர் மன்றாடும் வேளையை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தத் துயரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பரிசோதனை நடவாவிடில், இறந்தவரின் மனைவி பின்னர் எந்த அலுவலகத்தில் நின்றாலும் ‘வெள்ளத்தால்தான் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்விக்கு அவரிடம் விடை இராது. குடும்பத்தில் மூத்த ஒருவராவது அந்த நேரத்தில் நிதானமாக இருந்து இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறப்புக்கான மருத்துவச் சான்றில் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று மட்டும் இருந்தால் அது காரணம் ஆகாது. எல்லா இறப்பிலும் அவை நின்றே தீரும். அந்நிலைக்கு இட்டுச்சென்றது எது என்ற வரியும் நிரப்பப்பட்டுள்ளதா என்று பார்த்துக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிடவும் வேண்டும்.

தாள்கள் வெள்ளத்தில் போயிருந்தால் கலங்க வேண்டாம். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளிகளின் பதிவேடுகள் மூன்றாண்டு காக்கப்பட வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இவ்விதி எங்களுக்கும் பொருந்தும், பிற மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

மனுவும் மறுப்பும்

மனு எழுதுவதில் நம்மவர்கள் செய்வது, துன்பத்தை நீள விவரித்துவிட்டு நாளையும் அளவையும் விட்டுவிடுவது. ‘எல்லாம் போயிற்று’ என்பதைவிட, ‘டிசம்பர் 4 காலை முதல் மூன்று நாள் வீட்டினுள் இரண்டரை அடி நீர் நின்றது, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம், தாயாரின் இன்சுலின் ஆகியவை வீணாயின’ என்பது கள ஆய்வுக்கு வருபவருக்கு உதவும். சுவரில் நீர் நின்ற கறையைக் கழுவுமுன் படம் எடுத்து வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வெள்ளம் கடுமையாகச் சூழ்ந்த வீட்டுக்குத் துணிக்கு 2,500, பாத்திரங்களுக்கு 2,500 ரூபாய் என்று மேற்சொன்ன விதிகளில் உள்ளதால், நீர் எத்தனை நாள் நின்றது என்பதைக் குறிப்பிடாமல் விடக்கூடாது. மனுவின் இரண்டு நகல்களில் ஒன்றில் முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் விடை கிடைக்காவிடில் வருவாய்க் கோட்டாட்சியர், அதன்பின் மாவட்ட ஆட்சியர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் தரும் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணே பின்னர் எல்லாவற்றுக்கும் கைப்பிடி. 1100 என்ற முதலமைச்சரின் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அப்போதும் மௌனமே நிலவினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். வறுமைக்கோட்டின் கீழ் உள்ளோருக்கு அக்கட்டணமும் இல்லை. ‘ஏன் தரவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘என் மனு மீது யார், எந்நாளில் கள ஆய்வு செய்தார், அவ்வறிக்கையின் நகல் தருக’ என்று கேளுங்கள். 30 நாள்களில் விடை வர வேண்டும்; வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அறிக்கை கைக்கு வந்தால் மறுப்பின் உண்மைக் காரணம் தெரியும். பல வேளைகளில் அது வீடு பூட்டியிருந்தது என்பதாகவே இருக்கும். நோயாளியோடு மருத்துவமனையில் இருந்த குடும்பத்தின் வீடு பூட்டித்தானே இருக்கும்! அனுமதிச் சீட்டின் நகலை இணைத்தால் அந்தக் காரணம் நில்லாது.

வழக்கறிஞர் தேவைப்பட்டால் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோரை இலவச சட்ட உதவிக்கு உரியவராகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உதவி எண் 15100.

பொய்யான இழப்பைக் காட்டி நிவாரணம் கேட்பது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இழந்ததை மட்டும் எழுதுங்கள். அதுவே போதிய அளவு இருக்கும்.

உடல் தேறாதவரை வரிசையில் நிற்க அனுப்ப வேண்டாம். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காகக் கூடிய நெரிசலில் 42 பேர் உயிரிழந்தனர். அட்டையில் பெயருள்ள வேறொருவர் செல்லட்டும். யாரும் இல்லையெனில் நோயாளி வர இயலாத நிலையை மருத்துவச் சான்றோடு கடைப் பணியாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அச்சான்றுக்கு எங்களிடம் வரும்போது நோயாளியின் பதிவு எண் அல்லது அனுமதிக்கப்பட்ட மாதம், குடும்ப அட்டையின் நகல், நோயாளி வராவிடில் அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள்.