நோட்டில் ஏறிய காசு



வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுவதும் ஒரு மார்க்கப் பாடமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், பாடந்தான். திருக்குர்ஆனின் ஆயத்துகளில் மிக நீளமானது எது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆயத்தே அது. அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவதாக இருக்கிறது. சிறு வயதில் மதறஸாவில் உஸ்தாது இதைச் சொல்லிக் கொடுத்தபோது, கணக்கெழுதுவதற்கா வேதத்தில் இவ்வளவு இடம் என்று நாம் வியந்ததுண்டு. 2020ஆம் ஆண்டில் நம் மலேசிய நாடு கதவடைத்துக் கிடந்தபோதுதான் அந்த இடம் எதற்கென்று விளங்கிற்று. மளிகைக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று அந்த நாள்களில் நாம் கண்டதையும், நம் வீட்டிலேயே நாம் பட்டதையும் இங்கே எழுதுகிறோம். படித்துப் பிரயோஜனப்பட்டால் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. நடுவில் கிடைத்தது ஒரே ஒரு நாள். அன்று கடைக்கு வந்த கூட்டத்தை நோன்புப் பெருநாளுக்கு முதல் நாளில்கூட நாம் கண்டதில்லை. கையில் ரொக்கமுள்ளவர்கள் மூன்று மாத அரிசியை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு போனார்கள். வாரக் கூலி வாங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு வந்தபோது அரிசி அடுக்கும் இடம் வெறுமையாய்க் கிடந்தது. பின்கட்டில் சில மூட்டைகளை ஒதுக்கி வைத்தால் விலை ஏறியபின் விற்கலாமே என்று நம் மனமும் சபலப்பட்டது. பதுக்குகிறவன் பாவி என்ற நபிமொழி நினைவுக்கு வந்து தடுத்திராவிட்டால் அதையும் செய்திருப்போம்.

அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவைச் சேர்த்து வைத்திருந்ததாகவும் ஹதீஸில் வருகிறது. யூசுப் நபி (அலை) அவர்கள், விளைச்சலுள்ள ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேர்த்து வைத்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளில் ஊருக்கே உண்ணக் கொடுத்த வரலாறும் நமக்குத் தெரிந்ததே. இவற்றுக்குள் முரண்பாடு உண்டோ? இல்லை. நல்ல காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்ப்பது சேமிப்பு. கெட்ட காலத்தில் மற்றவனுடைய பங்கையும் சேர்த்து அள்ளுவது பதுக்கல். முன்னதைச் செய்யத் தவறியவன்தான் பின்னதைச் செய்ய ஓடுகிறான் என்பதை அந்த ஒரு நாளில் நம் கடைவாசலிலேயே பார்த்துக்கொண்டோம்.

செலவு மாறிய விதம்

வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே வரலாம். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. காலை 8 மணிக்குத் திறக்கும் கடையை இரவு 8 மணிக்கு மூடிவிட வேண்டும். இப்படி இருந்தது அந்த ஏப்ரல் மாதம். நாள்தோறும் நாலு தடவை கடைக்கு வந்தவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை வந்தார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்டவர்கள் துண்டுக் கடிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார்கள். கோதுமை மாவும் முட்டையும் ஈஸ்ட்டும் பறந்தன. அத்தரும் தொப்பியும் பெருநாள் துணியும் தூங்கின. அந்த ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றவில்லை; வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். மின்சாரக் கட்டணமும் பிள்ளைகளின் பாடத்துக்கான தொலைபேசிச் செலவும் ஏறின. சாப்பாட்டுக் கடைச் செலவும் பெட்ரோல் செலவும் இறங்கின.

கலியாணங்களையும் சொல்ல வேண்டும். வலியும் இரண்டு சாட்சிகளும் மஹரும் இருந்தால் நிக்காஹ் நிறைவேறும் என்று நாம் ஓதியதெல்லாம் ஏட்டில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்துக்கொண்டு நிக்காஹ் நடந்தது. மண்டபமும் இல்லை, ஆயிரம் பேருக்குப் பிரியாணியும் இல்லை. அந்தத் தம்பதிகள் இன்று பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே வாழ்கிறார்கள். பரக்கத்து மண்டபத்தில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால், இந்தச் சிக்கனமெல்லாம் நிலைத்ததா? அதுதான் கேள்வி. ஒரு ஆள் காலையிலும் மாலையிலும் வெளியில் தேநீரும் ரொட்டியுமாக நாளொன்றுக்கு 8 வெள்ளி செலவழிக்கிறார் என்று வையுங்கள். மாதம் 240 வெள்ளி, ஆண்டுக்கு 2,880 வெள்ளி. கதவடைப்பில் அந்தக் காசு அவர் பையிலேயே இருந்தது. கதவு திறந்த மறுவாரமே அது பழைய இடத்துக்குப் போய்விட்டது. கடை மூடியிருந்ததால் செலவழிக்காதிருந்தவர், சிக்கனம் கற்றவர் ஆகமாட்டார். கட்டிப் போட்ட ஆடு பயிரை மேயவில்லை என்று அதைப் புகழ்வாருண்டா?

இரண்டாவது நோட்டு

நம் கடையிலே கடன் வாங்குகிறவர்களுக்கு 555 நோட்டு ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிறு நோட்டை இந்நாட்டில் அறியாதார் இல்லை. 2020ஆம் ஆண்டு முடிவில் நம்மிடம் 37 குடும்பங்களுக்கு நோட்டு இருந்தது. கணவர் லாரியில் கிளீனராகவும் தாம் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலையிலும் இருந்த ஓர் அம்மா ஒருநாள் கேட்டார்: "பாய், எனக்கும் ஒரு நோட்டு கொடுங்க. நீங்க எழுதுறதை நானும் எழுதிக்கிறேன்."

நம்மை நம்பவில்லையோ என்று முதலில் சற்று வருத்தமாயிருந்தது. "எதுக்குக்கா, நான் தப்பா எழுதுவேனா?" என்று கேட்டோம். "அதில்ல பாய். காசு எங்க போவுதுன்னு எனக்கே தெரியல" என்றார்.

மாதம் முடிந்ததும் அவரே கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஆனது 92 வெள்ளி. சிகரெட்டுக்கும் பாக்கெட் பானத்துக்கும் பிஸ்கட்டுக்கும் ஆனது 171 வெள்ளி. அவருக்கு அதிர்ச்சி, நமக்கு வெட்கம். ஏனெனில், அதையெல்லாம் விற்றவர்கள் நாமேயல்லவா? மறுமாதத்திலிருந்து அவர் ஒரு மைலோ டின்னில் நாளுக்கு 2 வெள்ளி போடத் தொடங்கினார். 2021 ஜூன் முதல் தேதி நாடு மறுபடி முழுவதுமாக மூடப்பட்டபோது அவர் கணவருக்கு வேலை நின்றது. ஆனால் அந்த வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏறவில்லை.

வெள்ளைக் கொடி ஏற்றியவர்களை நாம் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அன்றாடங் காய்ச்சியிடம் போய் மிச்சம் பிடி என்று உபதேசிப்பது கொடுமை. அவனுக்குக் கொடுப்பதே நம் கடமை. இந்தப் பாடம் மிச்சம் இருந்தும் அது எங்கே போயிற்றென்று அறியாதவர்களுக்கு. அந்த அறியாதவர்களில் முதல் ஆள் நாமே. அதையும் சொல்லிவிடுகிறோம்.

நம் வீட்டுக் கணக்கு

அந்த ஆண்டு நமக்கு வியாபாரம் மோசமில்லை. இருந்தும், மொத்த வியாபாரி இனிமேல் ரொக்கந்தான் என்று சொன்னபோது கல்லாவில் பணம் இல்லை. எங்கே போயிற்று? நம் வீட்டார்தான் கண்டுபிடித்தார்கள். காலையில் ஒரு பால் டின், மாலையில் ஒரு கிலோ சீனி, பிள்ளைகளுக்கு மிட்டாய், விருந்தினருக்கு ஒரு தட்டு முட்டை என்று கடையிலிருந்து வீட்டுக்குப் போனதற்கெல்லாம் கணக்கே இல்லை. 37 வீடுகளுக்கு நோட்டு வைத்திருந்த நாம் நம் வீட்டுக்கு ஒரு நோட்டு வைக்கவில்லை! "ஊர்க் கடனையெல்லாம் எழுதுறீங்க, நம்ம கடனை யார் எழுதுறது?" என்று அவர்கள் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. அன்றே 38ஆவது நோட்டைத் திறந்தோம். முதல் மாதத்தில் வீட்டுக்குப் போன சாமான் 640 வெள்ளி. நம் வியாபாரச் சகோதரர்கள் பலர் வீட்டிலும் இந்தக் கதை உண்டு என்று அறிவோம்.

கரைந்த கையிருப்பு

சம்பளக்காரர்களுக்கு ஊழியர் சேமநிதி இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க ஐ-லெஸ்தாரி, அதன்பின் ஐ-சினார், 2021இல் 5,000 வெள்ளி வரை ஐ-சித்ரா, 2022இல் 10,000 வெள்ளி வரை சிறப்பு மீட்பு என நான்கு வழிகள் திறக்கப்பட்டன. மொத்தம் 81 லட்சம் பேர் 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். பசித்த வீட்டுக்கு அது அருமருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் பசியில்லாத வீட்டுக்கும் எடுத்தவர்கள் உண்டு. முதுமைக்காக வைத்த பணம் பெரிய தொலைக்காட்சியாக மாறியதையும் நாம் பார்த்தோம்.

வங்கிக் கடனுக்கு 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. "கடன் தள்ளுபடி ஆயிடுச்சாமே!" என்று மகிழ்ந்தவர்களை அறிவோம். தள்ளிப் போட்டதற்கும் தள்ளுபடி செய்ததற்கும் எவ்வளவு வேறுபாடு! தவணை பின்னால் போயிற்று. கடன் அப்படியே நின்றது. அந்த ஆறு மாதத் தவணைப் பணத்தை ஒதுக்கி வைத்தவன் பிழைத்தான். சம்பளம் உயர்ந்ததாக எண்ணிச் செலவழித்தவன் அக்டோபரில் விழித்தான்.

சிறுகச் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்ற ஏழைக் கிராமத்தார் மாதாமாதம் சேர்த்து வைக்கட்டும் என்று பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959இல் ஒரு யோசனை சொன்னார். அதிலிருந்து 1963இல் பிறந்ததே இன்றைய தாபோங் ஹாஜியின் தொடக்கம். 2020இல் நம் நாட்டிலிருந்து ஹாஜிகள் போக முடியவில்லை. மனம் கலங்கியது உண்மை. ஆயினும் அவர்கள் சேர்த்த பணம் கணக்கில் பத்திரமாக இருந்தது. சொந்தத் தொழில் செய்யும் நம்மவர்களுக்குச் சேமநிதி தானாக வராது. நாமே போய்ச் சேர்ந்து கட்டலாம். ஷரீஅத் முறையிலான சேமிப்பைத் தேர்ந்தெடுக்கும் வழியும் 2017 முதல் அங்கே உண்டு.

இனிச் செய்ய வேண்டியது

இப்போது செல்பேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. இன்று வாங்கு, பிறகு கட்டு என்றும் அழைக்கிறார்கள். கை அறியாமல் போகும் காசு மனத்தையும் உறுத்துவதில்லை. ஆகவே முன்னைவிட இப்போதுதான் நோட்டு அவசியம். நாம் கைக்கொண்டதைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு காசையும் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். எழுதிய கை தானே குறைக்கும்.

இரண்டு: வருமானம் வந்த அன்றே வீட்டுச் செலவு, கடன், சேமிப்பு, சதகா என்று நான்காகப் பிரியுங்கள். மிஞ்சினால் சேமிப்போம் என்பவனுக்கு ஒருபோதும் மிஞ்சாது.

மூன்று: மூன்று மாத வீட்டுச் செலவு கையிருப்பில் சேரும்வரை பெரிய சாமான் எதையும் தவணைக்கு வாங்காதீர்கள்.

நான்கு: சதகாப் பங்கை ஒருபோதும் குறைக்காதீர்கள். கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதும் விரித்துவிடவும் வேண்டாம் என்பதே பனீ இஸ்ராயீல் அத்தியாயம் நமக்குக் காட்டும் நடுவழி.

அந்த 37 நோட்டுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். 31 நோட்டுகள் தீர்ந்துவிட்டன. நான்கு பேர் இன்றும் மாதம் பத்து, இருபது என்று கட்டி வருகிறார்கள். கஷ்டப்படுகிறவனுக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது அதே அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் ஆயத்து. விட்டுக்கொடுத்தால் அது அதைவிட மேல் என்றும் அங்கேயே இருக்கிறது. இரண்டு நோட்டுகளை அந்த நிய்யத்தோடு கிழித்துவிட்டோம்.

38ஆவது நோட்டு மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது. இன்று காலை ஒரு பால் டின் வீட்டுக்குப் போயிற்று. எழுதிவிட்டோம்.

நம் எல்லாருடைய சம்பாத்தியத்திலும் செலவிலும் வல்ல அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.