ஆக்சிஜன் சென்சார்: எதை வாங்குவது, எதை வீட்டிலேயே மாற்றுவது

பெட்ரோல் காரின் டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரும் ஆக்சிஜன் சென்சாரின் பெயரைச் சொல்லிவிட்டால், உடனே விலை விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. ஷோரூமில் ஒரிஜினல் பார்ட் ஒரு விலை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பாஷ், டென்சோ, என்டிகே பெட்டிகள் வேறொரு விலை. பெயர் தெரியாத பெட்டியில் வருவது இவை எல்லாவற்றையும்விட மலிவு. பழையதையே கழுவி மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வீட்டிலேயே மாற்ற நினைப்பவர் பெரும்பாலும் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் நினைக்கிறார். ஆனால் இந்த வேலையில் கூலி சிறிய பங்கு. மரை இறுகாமல் இருந்தால் கழற்றி மாட்ட அரைமணி நேரம் போதும். செலவின் பெரும்பகுதி பார்ட்டில்தான் இருக்கிறது. வீட்டில் செய்வதால் கிடைக்கும் உண்மையான லாபம், அவசரப்படாமல் சோதித்துப் பார்க்க முடிவது. தேவையில்லாத சென்சாரை வாங்காமல் தப்பிப்பதே பெரிய மிச்சம். சோதனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தெரிந்தால், அங்கே கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இந்தச் சின்னப் பொருளின் மேல் ஏன் இத்தனை வீண்பழி விழுகிறது என்பதற்கு அது வேலை செய்யும் விதமே காரணம். ஆக்சிஜன் சென்சாருக்கு லாம்டா சென்சார் என்றும் பெயர். பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஜிர்கோனியா என்ற பீங்கான் நுனியின் வெளிப்பக்கம் புகையைத் தொடும், உட்பக்கம் வெளிக்காற்றைத் தொடும். சுமார் 350 டிகிரிக்குச் சூடானதும், இரு பக்கத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். புகையில் ஆக்சிஜன் குறைவு என்றால் 0.9 வோல்ட்டை நெருங்கும், அதிகம் என்றால் 0.1-க்கு இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைப் பிடித்து நிறுத்த என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு நம்பியிருப்பது இந்த அளவைத்தான். சென்சார் அளப்பது ஆக்சிஜனை; பெட்ரோலை அல்ல. ஒரு பிளக் சரியாக எரியவில்லை என்றால், அந்த சிலிண்டரின் காற்று எரியாமலேயே வெளியேறும். சென்சார் 'ஆக்சிஜன் அதிகம்' என்று உண்மையைத்தான் சொல்கிறது. இசியு அதை 'பெட்ரோல் போதவில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் சிறு ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுபட்டாலும் இதே கதைதான். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால், புதியதும் அதையே சொல்லும்.

அதனால் ஸ்கேனர் காட்டும் கோடு எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. பி0135, பி0141 என்று வந்தால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சுற்றில் கோளாறு. முன்னது, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாருக்கு, பின்னது அதற்குப் பின்னால் இருப்பதற்கு. முதலில் ஃபியூசைப் பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். நல்ல ஹீட்டர் சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அந்த சென்சாரை மாற்றத்தான் வேண்டும். இது சந்தேகத்துக்கு இடமில்லாத தீர்ப்பு. பி0171 அப்படியல்ல. அது கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், காற்றளவு சென்சார் அழுக்காகியிருக்கலாம். பி0420 வந்ததும் பின் சென்சாரை மாற்றுவது பரவலாக நடக்கும் வீண்செலவு. அந்தக் கோடு கன்வெர்ட்டரின் திறனைப் பற்றியது. பின் சென்சார் பெரும்பாலும் சாட்சிதான், குற்றவாளி அல்ல.

இதையெல்லாம் சோதிக்க வீட்டில் கருவி ஏது என்று கேட்கலாம். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-4 கார்களிலும், எல்லா பிஎஸ்-6 கார்களிலும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கிறது. அதில் செருகும் ப்ளூடூத் கருவியின் விலை நல்ல சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி 2500 ஆர்பிஎம்-இல் பிடித்துக்கொண்டு செல்போனில் லைவ் டேட்டாவைப் பாருங்கள். பழைய வகை நான்கு வயர் முன் சென்சார் நன்றாக இருந்தால், 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் மேலும் கீழும் போய்வரும். பின் சென்சார் 0.6, 0.7 பக்கத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் முன் சென்சார் உடனே உயர வேண்டும். ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் சரிய வேண்டும். இரண்டுக்கும் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும் சென்சாரைக் குறை சொல்லக் காரணம் இல்லை, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஒரே இடத்தில் உறைந்து நின்றாலோ சோம்பலாக நகர்ந்தாலோதான் அதன் காலம் முடிந்தது. புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது வைடுபேண்டு வகை. அது இப்படி ஊசலாடாது. அதைப் பார்த்து 'செத்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள், உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து சென்சார்தான் பழுது என்று உறுதியானால், வாங்க வேண்டியது எது? என் தீர்ப்பு: உங்கள் காருக்குத் தொழிற்சாலையிலேயே சென்சார் செய்து கொடுத்த நிறுவனத்தின், உங்கள் காருக்கென்றே கனெக்டரோடு வரும் பார்ட். பழைய சென்சாரின் உடம்பிலேயே தயாரித்த நிறுவனத்தின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அதைத் துடைத்துப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அதே பொருளை ஷோரூம் தன் பெட்டியில் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்பது உண்டு. எண் ஒன்றாக இருந்தால் அந்தப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கார் வாரன்டியில் இருந்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம், நேராக ஷோரூமுக்கே போங்கள்.

வயரை வெட்டி இணைக்கும் யுனிவர்சல் சென்சார் விலை குறைவு என்பதால் பலருக்கு ஆசை வரும். அதன் ஆபத்து வயரின் நிறத்திலேயே தொடங்குகிறது. பாஷின் நான்கு வயர் சென்சாரில் இரண்டு வெள்ளை வயர்கள் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் நிறம் எர்த்துக்கு. டென்சோவில் இரண்டு கறுப்பு வயர்கள்தான் ஹீட்டருக்கு. நீலம் சிக்னல், வெள்ளை எர்த். நிறத்துக்கு நிறம் பார்த்து இணைத்தால் ஹீட்டருக்குப் போகும் 12 வோல்ட், ஒரு வோல்ட்டுக்குமேல் எதிர்பார்க்காத இசியுவின் சிக்னல் முனையில் போய் நிற்கும். இணைப்பைச் சரியாகவே செய்தாலும் இன்னொன்று இருக்கிறது. பல சென்சார்கள் உட்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கிரிம்ப் மட்டுமே செய்யலாம், கனெக்டரில் கிரீஸ் தடவவும் கூடாது. கை தேர்ந்தவருக்கு யுனிவர்சல் சரிப்படலாம். முதன்முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெயரில்லாத சென்சாரும் ஓடத்தானே செய்கிறது என்பது அடுத்த வாதம். ஓடும், சில மாதங்களுக்குச் சரியாகவேகூட ஓடலாம். ஆனால் முன் சென்சாரின் வேலை இருப்பதும் இல்லாததும் பற்றியதல்ல, எவ்வளவு விரைவாகவும் துல்லியமாகவும் பதில் சொல்கிறது என்பதைப் பற்றியது. மெதுவாகப் பதில் சொல்லும் சென்சார் கோடு காட்டாமலேயே கலவையைக் கெடுக்கும். கூடுதல் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டரின் விலையோடு வைத்துப் பார்த்தால் சென்சாரில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. விளக்கு எரிந்தால் எரியட்டும், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடுபவர்களுக்கும் இதுதான் பதில். கூடவே, பிஎஸ்-4, பிஎஸ்-6 பெட்ரோல் கார்களுக்கான மாசுச் சோதனையில் வேக ஐடிலில், காற்று-பெட்ரோல் கலவையைக் குறிக்கும் லாம்டா அளவு 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கெட்ட சென்சாரோடு அதைத் தாண்டுவது கடினம். பழைய கார், அதற்கெதற்கு இத்தனை செலவு என்று கேட்பவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அப்படிப்பட்ட காரில் பின் சென்சாருக்கு நடுத்தர விலைப் பெயருள்ள பார்ட்டை வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். முன் சென்சாரில் அந்தச் சலுகை கிடையாது.

பழையதை பெட்ரோலிலோ கார்ப் கிளீனரிலோ ஊறவைத்துச் சுத்தம் செய்வதைத் தேர்வாகவே கணக்கில் எடுக்க வேண்டாம். மேலே படிந்த கரி போகலாம். சிலிக்கானோ எண்ணெய்ச் சாம்பலோ நுண்துளைகளுக்குள் புகுந்திருந்தால் எந்தக் கிளீனரும் அதை எடுக்காது, அறுந்த ஹீட்டரும் ஒட்டாது. பின் சென்சாரை ஸ்பேசர் போட்டுத் தள்ளி வைத்து விளக்கை அணைப்பது பழுதை மறைப்பது மட்டுமே. நாம் எல்லோரும் மூச்சு விடும் காற்றில் நச்சைக் கலக்கிவிட்டு விளக்கை மட்டும் அணைத்து என்ன பயன்?

இனி, வீட்டிலா கடையிலா என்ற கேள்வி. பின் சென்சார் பெரும்பாலும் காருக்கு அடியில், புகைக்குழாயில் இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், ஆக்ஸில் ஸ்டாண்டு வைத்துச் செய்யத் தெரிந்தவருக்கு அது வீட்டு வேலைதான். முன் சென்சார் மேனிஃபோல்டிலேயே, பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும்படி இருந்தால் அதுவும் வீட்டு வேலையே. என்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே ஸ்பானர் திரும்ப இடமில்லாமல் ஒளிந்திருந்தாலோ, உப்புக்காற்றடிக்கும் கடலோர ஊரில் பல ஆண்டு ஓடித் துருப்பிடித்திருந்தாலோ மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சென்சாரின் மரை 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 1.5 பிட்ச்சும் கொண்டது. பலவந்தப்படுத்தி மேனிஃபோல்டின் மரையை அறுத்துவிட்டால், மிச்சம் பிடித்த கூலி பல மடங்காகத் திரும்பிப் போகும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விட்டு, வெதுவெதுப்பான நிலையில் முயன்றும் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாற்றும் வேலை எளிது. கனெக்டரை முதலில் கழற்றிவிட்டு, வயர் நுழைய வெட்டு விட்ட 22 எம்எம் சென்சார் சாக்கெட்டால் கழற்றுங்கள். புதிய சென்சாரின் மரையில் கம்பெனியே பூசிய பசை இருந்தால் அதற்குமேல் எதுவும் தடவ வேண்டாம். எதுவுமே நுனியில் படக் கூடாது. கையாலேயே சில சுற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். பிறகு 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். உங்கள் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வயர் சூடான குழாயைத் தொடாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். தரையில் விழுந்த புது சென்சாரை மாட்டவே வேண்டாம், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம்.

கழற்றிய பழைய சென்சாரை எறிவதற்கு முன் அதன் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புக் கரி படிந்திருந்தால் என்ஜின் அதிக பெட்ரோல் குடிக்கிறது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அல்லது யாரோ கேஸ்கெட்டுக்குத் தவறான சிலிக்கான் பசை பூசியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பளபளப்போடு பழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சாராக இருந்தாலும் அதே வழியில்தான் போகும். அந்தப் பழுதை முதலில் பாருங்கள்.